சென்னியப்பன் சாட்சி

முன்னாலயே உக்காருங்க தம்பி. பின்னால அப்பாகூட அம்மா இருக்காங்க, போதும். பட்டையப் போட்டுட்டேன், அசைய மாட்டாரு. இடுப்பு ஆப்பரேசன் பண்ணுன ஆளுங்களை எத்தனையோ பேரை ஊட்டுல கொண்டுபோய்ச் சேத்தியிருக்கறனுங்க. மேடு பள்ளம் பாத்துத்தான் ஓட்டுவேன். கொடுமுடி போறதுக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எம்மேல கோவமாட்ட இருக்குது. இருக்காதுங்களா பின்னே? வண்டியில ஏறறதுக்கு முன்னால கழுத்துல என்ன, காதுல என்ன, கையில என்னன்னு கேட்டு செல்போன்ல படம் புடிச்சா யாருக்குத்தான் கோவம் வராது? சொல்லிப்போடுங்க தம்பி, அது அவங்களைச் சந்தேகப்பட்டு இல்ல. எனக்குப் பாதுகாப்புக்கு. நாலு வருசமா எல்லாருக்கும் இப்படித்தான் பண்றேன். மந்திரி ஊட்டு அம்மாவா இருந்தாலும் படம் புடிச்சுட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.

என் பேரு அர்த்தநாரிங்க. செத்துக்கிட்டிருந்த பொண்ணு கழுத்துலருந்து தாலிக்கொடிய உருவுன ஆம்புலன்ஸ்காரன்னு ஒரு வீடியோ வந்துதே, பாத்திருப்பீங்க. பாக்கலீங்களா? நெசமாலுமா? அட, பாக்காத ஆளும் இருக்கறாங்களா! எங்க பக்கம் பெருந்துறை, ஊத்துக்குளி, ஈரோடு வரைக்கும் அதைப் பாக்காத செல்போனே கிடையாது. அந்த ஆம்புலன்ஸ்காரன் நாந்தானுங்க. ஏன் தம்பி பின்னால திரும்பிப் பாக்கறீங்க? பயப்படாதீங்க. நான் எடுக்கலை. எடுக்கலைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. முழுசாக் கேட்டுட்டு அப்பறம் அம்மாகிட்டச் சொல்லுங்க.

அது ஆடி மாசம். பொழுது சாயற நேரம். ஒரு கேஸை எறக்கி விட்டுட்டு வெறும் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தேன். விஜயமங்கலத்துக்கு இந்தப் பக்கமா, பைபாஸ்ல, கூட்டம் நிக்குது. மொபெட்டுல வந்த புருசன் பொண்டாட்டிய லாரிக்காரன் தட்டிட்டு நிக்காமப் போயிட்டான். என்னை யாரும் கூப்புடலைங்க. அதை நீங்க கவனிக்கோணும். யாரும் கூப்புடலை. நானாத்தான் நிறுத்துனேன். கூட்டத்துல ஒருத்தன்கூடத் தொடலை, எல்லாரும் செல்போனைத் தூக்கிப் புடிச்சுட்டு நின்னானுங்க. நானும் பழைய டயர்க்கடைக்காரர் ஒருத்தருமாத் தூக்கி ரெண்டு பேரையும் வண்டியில ஏத்துனோம். புருசனுக்கு நெனவில்ல. அந்தப் பொண்ணு பேரு பூங்கோதை. அப்பறந்தான் தெரியும். தண்ணி வேணும் தண்ணி வேணும்னு கேட்டுது. அந்த மாதிரி அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்கக்கூடாதுங்க. குடுக்கலை. "இதா ஆசுபத்திரி வந்திருச்சு கண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுனேன்.

ஆசுபத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சரை எறக்கறப்ப ஒருத்தன் ஓடி வர்றான். பூங்கோதையோட தம்பி, திருமூர்த்தி. ஊத்துக்குளியில செல்போன் கடை வெச்சிருக்கறான். அக்கா மொகத்தைப் பாத்தான், கழுத்தைப் பாத்தான். கொடி இல்ல. அவ்வளவுதான், செல்போனை எடுத்துட்டான். "எங்கக்கா கழுத்தப் பாருங்க, வெறுங்கழுத்து! தாலிக்கொடிய உருவிட்டான்! இந்த மூஞ்சிய நல்லாப் பாத்துக்கங்க!" அப்பிடின்னு எம் மூஞ்சிக்கு நேரா நீட்டறான். நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? கையில ஸ்ட்ரெச்சர். தள்ளறதா, பதில் சொல்றதா? தள்ளுனேன். அந்த வீடியோவுல நான் ஒரு வார்த்தை பேசறதில்ல. குனிஞ்சுக்கிட்டே தள்ளறேன். பாக்கறவங்களுக்கு எப்பிடித் தெரியும்? திருட்டு முழி முழிக்கறான் பாருன்னுதான் தெரியும்.

வெடியறதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிருச்சுங்க. வெடிஞ்சப்ப வீடியோ ஊரு பூரா போயிருந்துது.

கொடி எங்க இருந்துதுன்னு கேளுங்க. அதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது. அந்தப் பொண்ணோட புருசன், அவனும் மயக்கத்துல கெடந்தானே, அவன் தெளிஞ்சு எந்திரிச்சுக் கேக்கற மொதக் கேள்வி, "என் பேண்ட் எங்க?" ரோட்டுல கெடந்தப்ப அவளுக்குக் கழுத்து வீங்கிக் கொடி இறுக்குச்சாம். அவனே கழட்டித் தன் பேண்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டானாம். அப்பறந்தான் மயக்கம் வந்திருக்குது. ஆசுபத்திரியில கழட்டுன துணியெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க. போலீஸ்காரரை வெச்சுப் பிரிச்சாங்க. ரத்தக்கறையோட பேண்ட். பாக்கெட்டுல கொடி. ஒரு குண்டுமணி குறையலை.

முடிஞ்சு போச்சுல்ல? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். கொடி கெடைச்சது தெரிஞ்சதும் திருமூர்த்தி இன்னொரு வீடியோ போடுவான், "தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க"ம்பான், மொத வீடியோ எப்பிடிப் போச்சோ அப்பிடியே இதும் போகும்னு காத்துக்கிட்டு இருந்தேன். காத்தேன், காத்தேன். ஒண்ணும் வரலை. மொத வீடியோ மட்டும் ஓடிக்கிட்டே இருந்துது. கொடி கெடைச்சதுக்கு அப்பறமும் ஓடுச்சுங்க!

காரியமெல்லாம் முடியட்டும்னு பொறுத்துட்டு அவன் ஊட்டுக்கே போனேன். சண்டைக்குப் போகலைங்க. முறையாப் போனேன். பழம் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். அவன் அம்மா உள்ளருந்து பாத்துட்டு உள்ளயே போயிட்டாங்க. அவன் வாசல்லயே நின்னான்.

"திருமூர்த்தி, கொடி கெடைச்சிருச்சுல்லப்பா"ன்னேன்.

"கெடைச்சிருச்சுங்க."

"அப்ப நான் எடுக்கலைன்னு ஆச்சுல்ல?"

"ஆச்சுங்க. ஏதோ அன்னைக்கு இருந்த நெலமையில பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னப்பா ஆகுது? ஊருக்குச் சொல்லு. வீடியோவுல சொல்லு. பழைய வீடியோவ அழி."

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். "அதை அழிக்க முடியாதுங்க. அதுலதான் எங்கக்கா உசிரோட கடைசியா இருக்குது. ஸ்ட்ரெச்சர்ல தலையத் திருப்பி என்னைப் பாக்குது. இன்னொரு வீடியோவுல வந்து நிக்கவும் என்னால ஆகாது. எங்கக்கா செத்ததை ஊரே மறுக்கா பேசும்."

நியாயமாட்டத் தெரியுதுங்களா உங்களுக்கு? சொல்லுங்க. அவனுக்கு அக்கா போச்சு, எனக்குப் பேரு போச்சு. அவன் அக்கா போனதுக்கு நான் காரணமில்ல. என் பேரு போனதுக்கு அவன் காரணம். அந்தக் கணக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் மாறலைங்க. பழத்தை அங்கயே கல்லு மேல வெச்சுட்டு நேரா வக்கீல்கிட்டப் போயிட்டேன்.

இருங்க, ஸ்பீடு பிரேக்கர். அப்பா, வலிக்குதுங்களா? தூங்கறாரா? தூங்கட்டும், தூங்கட்டும்.

வக்கீலம்மா பேரு லோகநாயகி. சின்ன வயசு. ஆனா ரொம்பப் பொறுமை. எல்லாத்தையும் கேட்டுட்டு, "இது அவதூறு வழக்குங்கண்ணா. ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, தண்டனை வாங்கிக் குடுக்கறது. இன்னொண்ணு, நஷ்டஈடு கேக்கறது"ன்னாங்க.

"அவன் ஜெயிலுக்கெல்லாம் போக வேண்டாமுங்க. அக்காவப் பறிகொடுத்தவன். எனக்கு என் பேரு வேணும்"னேன்.

"பேரைக் கோர்ட்டு திருப்பித் தராதுங்கண்ணா. பேருக்குப் பதிலாப் பணம்தான் தரும். எவ்வளவு கேக்கலாம்?"

என்ன கேள்விங்க இது? என் பேரு என்ன வெலைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இருபத்தஞ்சு வருசமா இந்த ரோட்டுல ஓட்டறேன். காசில்லாதவன் பொணத்தைச் சும்மா கொண்டுபோய் எறக்கியிருக்கறேன். வழியில ரெண்டு பிரசவம் ஆயிருக்குது இந்த வண்டியில. இதையெல்லாம் எந்தத் தராசுல வெக்கறது? "பத்து லட்சம் போடுங்க"ன்னேன். ஏன் பத்துன்னு கேட்டாங்க. சும்மா, வாயில வந்துது. கேக்கற தொகைக்குத் தக்கபடி கோர்ட்டுக்கு ஸ்டாம்பு கட்டோணும்னு அப்பறமாச் சொல்றாங்க. என் பேரு கெட்டதுக்கு மொதல்ல நானே பணம் கட்டறேன், பாத்துக்கங்க!

சரி, கட்டியாச்சு. அடுத்து, நஷ்டத்துக்கு ஆதாரம் எங்கன்னாங்க. மாசம் எத்தனை கேஸு வந்துது, இப்ப எத்தனை, அதுக்குக் கணக்கு. நான் எங்க கணக்கு எழுதுனேன்? கூப்புட்டாங்க, போனேன். குடுத்தாங்க, வாங்குனேன். வருமான வரி கட்டுன ரசீது இருக்குதான்னாங்க. சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கலை. "அப்ப வருமானம் போனதுக்குக் கேக்கறது நிக்காதுங்கண்ணா. பேரு கெட்டதுக்குப் பொதுவாக் கேக்கறதுதான் நிக்கும். அதுக்கும் பேரு கெட்டுச்சுன்னு காட்டோணும்"னாங்க.

"அதுக்கு வீடியோ இருக்குதுங்களே!"

"வீடியோ அவன் சொன்னதுக்கு ஆதாரம். அதைக் கேட்டு உங்களைக் கேவலமா நெனச்சவங்க யாராச்சும் கூண்டுல ஏறிச் சொன்னா நல்லாருக்கும். உங்க மதிப்பு எறங்குச்சுன்னு நீங்களே சொன்னா அதுக்குக் கனம் கம்மி."

கேட்டீங்களா தம்பி? என்னைத் திருடன்னு நம்புன ஆளை நானே தேடிக் கண்டுபுடிச்சு, "வாங்க, கோர்ட்டுல வந்து சொல்லுங்க"ன்னு கூட்டிக்கிட்டு வரோணும்!

போனேன். ஒவ்வொருத்தர்கிட்டயாப் போனேன். ஆசுபத்திரி வாட்ச்மேன், முந்தியெல்லாம் கேஸுன்னா எனக்குத்தான் மொத போன் பண்ணுவாரு. வீடியோவுக்கு அப்பறம் ஒரு போன் இல்ல. அவருகிட்டக் கேட்டா, "அய்யய்யோ, நான் நம்பவே இல்லீங்க! உங்களைத் தெரியாதா எனக்கு?"ங்கறாரு. நம்பலைன்னா ஏனுங்க கூப்புடலை? "போன்ல உங்க நம்பர் அழிஞ்சு போச்சு"ங்கறாரு. மளிகைக்கடைக்காரரு நம்பலை. டீக்கடைக்காரம்மா நம்பலை. எங்க தெருவுல ஒரு சனம் நம்பலைங்க. பத்தாததுக்கு எல்லாரும் எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறாங்க. ஆனா அவங்க ஊட்டுப் பொம்பளைங்க எங்கூட்டு விசேசத்துக்கு வந்தா பையை மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. ஒருத்தரும் நம்பலை, ஒருத்தரும் கூப்புடலை. இதை எப்பிடிங்க கோர்ட்டுல நிரூபிக்கறது?

என் ஊட்டுக்காரி வளர்மதி சொன்னா, "உட்டுத் தொலைங்க. நான் நம்பறன்ல? அது பத்தாதா?"ன்னு. "நீ நம்பறது எதுக்கு ஆகும்? நம்பாத ஆள்தான் எனக்கு வேணும்"னு கத்துனேன். அதுக்கப்பறம் கேஸைப் பத்தி அவ வாயே தொறக்கறதில்லைங்க. பொம்பளைங்களுக்குச் சட்டம் புரியாது.

கடைசியாத்தான் சென்னியப்பன்கிட்டப் போனேன்.

சென்னியப்பன் மெக்கானிக்கு. பெருந்துறையில பட்டறை. முப்பது வருசப் பழக்கம். நான் வாடகை வண்டி ஓட்டுன காலத்துலருந்தே. இந்த வண்டி, இதுக்கு முந்தின வண்டி, அதுக்கு முந்தின வண்டி, மூணையும் ஆம்புலன்ஸா மாத்திக் கட்டுனது அவன்தான். ஆக்சிலேட்டர மிதிக்கறப்பவே சொல்லிப்போடுவான் எங்க கோளாறுன்னு. ஊட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா அவன் இல்லாம நடக்காது. அவனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப வண்டி ஓட்டிக்கிட்டுப் போனதே நான்தானுங்க.

"சென்னீ, கோர்ட்டுக்கு வந்து ஒண்ணு சொல்லோணும்டா"ன்னேன்.

"வர்றேன். நீ தங்கமான ஆளுன்னு எத்தனை கோர்ட்டுல வேணும்னாலும் சொல்றேன்."

"தங்கமான ஆளுன்னு சொன்னா கேஸு போயிருச்சுடா. வீடியோவப் பாத்து நம்பிட்டேன்னு சொல்லோணும்."

ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டான். "அதை என்னையச் சொல்லச் சொல்லாத."

"ஏண்டா, ஒரு பொய்யி. எனக்காக. உன்னோட பொய்யால எனக்கு நெசம் கெடைக்கும்."

"அர்த்தநாரி, வேண்டாம். சத்தியம் பண்ணிட்டு ஏறறது. வேற ஆளைப் பாரு."

"வேற ஆளு இருந்தா உங்கிட்ட ஏன் வர்றேன்? முப்பது வருசத்துல நான் உங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கறனா?"

அவன் அழுக்குத் துணிய எடுத்தான். கையத் துடைச்சான், மறுபடி துடைச்சான். அப்பறம், "சரி, எழுதச் சொல்லு"ன்னான். நான் அவன் தோளைத் தட்டிட்டு வந்தேன். சத்தியத்துக்குப் பயப்படறான்னு நெனச்சேன். சாமி கும்புடற ஆளு, சென்னிமலைக்கு மாசம் தவறாம நடக்கறவன், அதனாலன்னு நெனச்சேன்.

வக்கீலம்மா ஒரு வாக்குமூலம் தயார் பண்ணுனாங்க. "வீடியோவப் பாத்து நானும் நம்பினேன், வாதி மேல் எனக்கிருந்த மதிப்பு குறைஞ்சது"ன்னு. சென்னியப்பன் படிச்சுப் பாக்காமயே கையெழுத்துப் போட்டான்.

விசாரணை நாள் வந்துது. அதுக்கு முன்னால என்னைய நிக்க வெச்சு எதிர்த்தரப்பு வக்கீலு கேட்டதெல்லாம் தனிக் கதை. "இன்னைக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டறீங்களா? ஓட்டறீங்க. யாராவது உங்களை வேலையை விட்டு நிறுத்துனாங்களா? இல்ல. அப்ப என்ன நஷ்டம்?" இப்பிடி. சொந்த வண்டிய யாருங்க வந்து நிறுத்துவாங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். திருமூர்த்தி ஒரு மூலையில நின்னான். என்னைப் பாக்கவே இல்ல. 

சென்னியப்பன் ஏறுனான். வெள்ளை வேட்டி சட்டை. அவனைக் கிரீஸ் இல்லாமப் பாக்கறதே அபூர்வம். எதிர்த்தரப்பு வக்கீலு வயசானவரு. மூக்குக்கண்ணாடிக்கு மேல பாத்துக்கிட்டே ஆரம்பிச்சாரு.

"நீங்களும் வாதியும் எத்தனை வருச நண்பர்கள்?"

"முப்பது வருசமுங்க."

"முப்பது வருசப் பழக்கம். ஒரு நிமிச வீடியோவப் பாத்து நம்பிட்டீங்க?"

சென்னியப்பன் கூண்டுக் கட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான்.

"உங்க நண்பருக்கு நஷ்டஈடு வாங்கித் தர்றதுக்காகச் சொல்ற பொய் இது. சரிதானே?"

நான் வக்கீலம்மாவப் பாக்கறேன். மாட்டிக்கிட்டானேன்னு இருக்குது எனக்கு. "நம்பினேன்"னு இன்னொருக்கா சொல்லிட்டு எறங்கி வந்தாப் போதும்டான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருக்கறேன்.

சென்னியப்பன் சொன்னான், "பொய்யில்லீங்க."

"எப்படி நாங்க நம்பறது?"

அவன் என்னைப் பாக்கலைங்க. ஜட்ஜ் அய்யாவப் பாத்தும் பேசலை. கூண்டுக் கட்டையப் பாத்துக்கிட்டே பேசுனான். "வீடியோ வந்த அதே வாரம் எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குச்சுங்க. அர்த்தநாரி வண்டியத்தான் வரச் சொன்னேன். வேற யாரைக் கூப்புடறது? அவன் வர்றதுக்குள்ள எங்கம்மா காதுத் தோடு, மூக்குத்தி, கையில இருந்த காப்பு எல்லாத்தையும் கழட்டி என் மடியில முடிஞ்சுக்கிட்டேன். ஏண்டா கழட்டறேன்னு அம்மா கேட்டாங்க. ஸ்கேன் எடுக்கோணும், நகை இருக்கக்கூடாதுன்னு பொய் சொன்னேன். அப்பத்தானுங்க சொன்னது பொய்யி. இப்பச் சொல்றது நெசம்."

அந்த வக்கீலு கண்ணாடியக் கழட்டிட்டு, "வேற கேள்வியில்லை"ன்னுட்டு உக்காந்துட்டாரு.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துது தம்பி. அந்தம்மாவத் தூக்கி வண்டியில படுக்க வெச்சவன் நானு. அப்பவே காது மூளியாத் தெரிஞ்சுது. கேக்கலை. மூச்சு வாங்கற ஆள்கிட்டத் தோட்டைப் பத்தி யாரு கேப்பா? வழி பூரா சென்னியப்பன் இதா இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, இந்த சீட்டுலதான் உக்காந்துக்கிட்டு வந்தான். "அந்தத் திருமூர்த்திப் பய நல்லாருப்பானா"ன்னு எனக்காகத் திட்டிக்கிட்டே வந்தான். மடியில தோடு!

தீர்ப்பு வந்துது. ஜெயிச்சோம். ஜட்ஜ் அய்யா நல்லாத்தான் எழுதியிருந்தாரு. வக்கீலம்மா ஒவ்வொரு வரியாப் படிச்சுச் சொன்னாங்க. துக்கத்துல ஆத்திரப்பட்டுப் பேசினதை மன்னிக்கலாம், ஆனா பொருள் கெடைச்சதுக்கு அப்பறமும் வீடியோவ எடுக்காம விட்டதுக்கும் மறுப்புச் சொல்லாததுக்கும் பிரதிவாதி பொறுப்புதான்னு எழுதியிருந்தாரு. வருமான நஷ்டத்துக்கு ஆதாரம் இல்ல, அது தள்ளுபடி. நற்பெயருக்கு ஏற்பட்ட பாதிப்பை எந்த அளவுகோலாலயும் அளக்க முடியாதுன்னு எழுதிட்டு, அளந்துட்டாரு. எழுபத்தஞ்சாயிரம். வீடியோவ அழிக்கோணும். திரும்பப் போடக்கூடாது.

அந்த எழுபத்தஞ்சாயிரம் எதனால வந்துதுன்னு நெனைக்கறீங்க? அதுலயே எழுதியிருக்குது. முப்பது வருட நண்பரே தன் தாயாரின் நகைகளைக் கழற்றி வைக்கும் அளவுக்கு வாதியின் நற்பெயர் பாதிக்கப்பட்டதுன்னு. வக்கீலம்மாவுக்குச் சந்தோசம். "சென்னியப்பன் அண்ணன் சாட்சிதாங்கண்ணா நம்மளைத் தூக்கி நிறுத்துச்சு"ன்னாங்க. தூக்கி நிறுத்துச்சாம்.

கோர்ட்டு வாசல்ல அவன் பைக்கோட நின்னான். வாய்தாவுக்கெல்லாம் அவன் பைக்லதான் போவோம் வருவோம். "ஏறு"ன்னான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னாலயே தள்ளிக்கிட்டு வந்தான்.

"நீ சொல்லச் சொன்னதைத்தானேடா சொன்னேன்?"

"நான் பொய் சொல்லச் சொன்னேன். நீ நெசத்தைச் சொல்லிப்போட்ட."

"பொய்யின்னு நெனச்சுக்க."

"எப்பிடிறா நெனைக்கறது? கோர்ட்டே நெசம்னு எழுதிருச்சே!"

நின்னுட்டான். நான் போயிட்டேன்.

திருமூர்த்தி பணத்தைக் கோர்ட்டுல கட்டிட்டான். கடையில பாதிய வித்துக் கட்டுனான்னாங்க. எனக்கென்னங்க தெரியும், சட்டப்படி கட்டுனான். வீடியோவையும் அழிச்சான். அப்பறம் ஒரு நாள் ஸ்டாண்டுக்கு வந்தான். மெலிஞ்சு போயிருந்தான். "அண்ணா, கேஸுக்காக உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும்ல. பேச்சுச் சத்தமெல்லாம் வேண்டாம். எங்கக்கா திரும்பிப் பாக்கற அந்த இடம் மட்டும் குடுங்கண்ணா"ன்னான். இருக்குதுங்க, இந்த போன்லதான் இருக்குது. வேணும்னா காட்டறேன், பாக்கறீங்களா? வேண்டாமா? சரி. ஆனா அவனுக்கு எப்பிடிக் குடுக்கறதுங்க? கோர்ட்டு அழிக்கச் சொன்னதை நானே குடுத்தா நாளைக்கு எம்மேல தப்பு வராதுங்களா? அப்பிடித்தான் சொன்னேன். "சரிங்கண்ணா"ன்னுட்டுப் போயிட்டான். ஏன் தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? சட்டத்தைத்தானுங்க சொன்னேன்.

பத்தாதுன்னு அப்பீல் போட்டிருக்கறேன். பத்து லட்சம் கேட்ட எடத்துல எழுபத்தஞ்சாயிரம்னா, மிச்சம் ஒம்பதேகால் லட்சத்துக்கு நான் திருடன்னுதானே அர்த்தம்? வக்கீலம்மா வேண்டாம்னாங்க. நான் வேற வக்கீல் பாத்துட்டேன்.

சென்னியப்பன் என்ன ஆனான்னு கேக்கறீங்களா? ஆள் விட்டுப் பேசிப் பாத்தான். வளர்மதிகிட்டச் சொல்லிப் பாத்தான். அவன் அம்மாவே ஒருக்கா போன் பண்ணுனாங்க, நான் எடுக்கலை. வண்டிய ஈரோட்டுல ஒரு பட்டறைக்குக் கொண்டுபோக ஆரம்பிச்சேன். பெரிய பட்டறை, ஏசியெல்லாம் போட்டு, கம்ப்யூட்டர்ல பாக்கறாங்க. பணத்தைத்தான் கறந்தாங்க, வண்டி சரியாகலை. கியர் மாத்தறப்ப கீழருந்து கறகறன்னு ஒரு சத்தம். ஆறு மாசம் அந்தச் சத்தத்தோடயே ஓட்டுனேன். சென்னியப்பன் பட்டறைய ஒட்டித்தான் ரோடு. நான் போறப்ப வர்றப்ப அவன் காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும்.

போன மாசம் ஒரு கேஸைச் சேத்திட்டு ஆசுபத்திரிக்கு வெளிய வர்றேன், என் வண்டிக்கு அடியிலருந்து ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருக்குது. அந்தக் காலைத் தெரியாதுங்களா எனக்கு? 

"வெளிய வாடா"ன்னேன்.

"பாதி பிரிச்சுட்டேன். இப்ப விட்டா வண்டி நகராது"ங்கறான் உள்ளருந்து.

"உன்னை யாருடா கூப்புட்டது?"

"யாரும் கூப்புடலை." உள்ள ஸ்பேனர் தட்டற சத்தம். அப்பறம், "கியர் லிவருக்குக் கீழ இருக்கற புஷ்ஷு தேஞ்சு போச்சு. இப்பிடியே ஓட்டுனா பேசண்டை வெச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிப்ப"ன்னான்.

நான் என்ன பண்றது? வாட்ச்மேன் பாக்கறாரு, நர்ஸுங்க பாக்கறாங்க. நின்னேன். சித்தரை வெயிலு. அவன் மல்லாந்து படுத்து முடிச்சுட்டு, ஊர்ந்து வெளிய வந்து, வேட்டியத் தட்டிட்டு நின்னான். தலையில பாதி நரைச்சுப் போச்சுங்க, ரெண்டு வருசத்துல. அவன் எதுக்கோ காத்துக்கிட்டு நிக்கறான்னு தெரிஞ்சுது. எனக்கு வாயில வந்தது ஒண்ணுதான்.

"கூலி எவ்வளவு?"ன்னேன்.

முப்பது வருசத்துல நான் அவனைக் கேட்டதில்லீங்க, அவன் எங்கிட்ட வாங்குனதுமில்ல. சாமான் வாங்கக் காசு குடுப்பேன், அவ்வளவுதான். தீவாளிக்கு அவன் குடும்பத்துக்கே துணி எடுப்பேன். கூலின்னு ஒரு வார்த்தை எங்களுக்குள்ள வந்ததே இல்ல. திட்டுவான், இல்லாட்டிப் போனா "போடா"ம்பான்னு நெனச்சேன். போடான்னு சொல்லியிருந்தா ஒருவேளை நானும் ஏதாவது சொல்லியிருப்பனோ என்னமோ.

அவன் கையத் துடைச்சான். மறுபடி துடைச்சான்.

"முன்னூத்தம்பது"ன்னான்.

எடுத்துக் குடுத்தேன். ஐநூறாத்தான் இருந்துது. மீதி நூத்தம்பதை எண்ணி எங்கையில வெச்சுட்டு, பணத்தைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, ஸ்பேனரையெல்லாம் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். திரும்பிப் பாக்கலை. பைக்கை எடுத்துக்கிட்டு வரலைங்க. பஸ் ஸ்டாப்புக்குத்தான் நடந்தான்.

இதா, கொடுமுடி போர்டு தெரியுது. இடது பக்கங்களா, நேராவா? நேராவா, சரி. அம்மாவ எழுப்புங்க. அப்பாவ எறக்கறதுக்குத் தெருவுல ரெண்டு ஆளை வரச் சொல்லுங்க தம்பி, நானும் புடிக்கறேன். வண்டி நல்லாத்தானுங்க ஓடுது இப்ப. கியர் மாத்தறேன் பாருங்க. கேக்குதுங்களா? ஒரு சத்தமும் இல்ல.